மின் நெருக்கடியில் யார் பொறுப்பு? ஊருக்கும் சேரிக்கும் இடையிலான கம்பியில் சட்டம்

திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் தொட்டியம் வட்டம் காவிரியின் வடகரையில் அமைந்தது. 1937 முதல் மேட்டூரில் மின்சாரம் எடுத்த பிறகு வெளியேறும் நீர் இவ்வழியாகவே முக்கொம்பு நோக்கிச் செல்கிறது. வாழைக்கும் வெற்றிலைக்கும் பெயர்பெற்ற இப்பகுதியில் மின்சாரம் பற்றிப் பேச்சு எழுந்தால், அது பெரும்பாலும் மும்முனை மின்சாரம் எத்தனை மணிநேரம் வரும் என்ற கேள்வியாகவே இருக்கும். அது பம்புசெட்டு வைத்திருப்பவரின் கேள்வி. அதே வாழைத்தோட்டத்தில் கூலிக்குத் தார் வெட்டி, மாலையில் சேரிக்குத் திரும்புபவரின் கேள்வி வேறு. காற்றடித்துக் கம்பி அறுந்தால் நம் தெருவுக்கு மின்சாரம் எப்போது திரும்பும்? வராவிட்டால் யாரைக் கேட்பது?

'எரிசக்திப் பாதுகாப்பு' என்ற சொல்லை நிலக்கரி இருப்பு, கச்சா எண்ணெய் இறக்குமதி, தேசிய மின்தொகுப்பு ஆகியவற்றோடு மட்டும் சேர்த்துப் பேசுவது வழக்கமாகிவிட்டது. இக்கட்டுரையில் நாம் அச்சொல்லைக் கடைசி மின்கம்பத்திலிருந்து வாசிக்க முயல்கிறோம். நெருக்கடி வேளையில் ஆணையிடும் அதிகாரம் யாருக்கு என்பதை நம் சட்டங்கள் விரிவாகச் சொல்கின்றன. எந்தத் தெரு முதலில் இருளும், எந்தத் தெருவுக்கு முதலில் வெளிச்சம் திரும்பும் என்ற வரிசைக்கு யார் பதில் சொல்வது என்பதை அவை வெளிப்படையாகச் சொல்லவில்லை. சாதி வேலை செய்வது அந்த வரிசையில்தான். எனவே அந்த வரிசைக்கும் பொறுப்பாளர் ஒருவர் எழுத்தில் குறிக்கப்பட வேண்டும் என்பதே நமது வாதம்.

நெருக்கடியின் மூன்று வடிவங்கள்

முதலாவது, உற்பத்திப் பற்றாக்குறை. தமிழ்நாடு 2008 முதல் பல ஆண்டுகள் இதில் சிக்கியிருந்தது. 2008 நவம்பர் முதல் உயர் அழுத்த இணைப்பு பெற்ற தொழிற்சாலைகளுக்கு 40 விழுக்காடு வெட்டு நடைமுறைக்கு வந்தது. 2012 பிப்ரவரியில் சென்னைக்கு நாளொன்றுக்கு 2 மணிநேரம், பிற மாவட்டங்களுக்கு 4 மணிநேரம் என வெட்டு அறிவிக்கப்பட்டது. மாவட்டங்கள் உண்மையில் அனுபவித்தது அதைவிடப் பன்மடங்கு. 2022 கோடையில் நாடெங்கும் நிலக்கரித் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, அவ்வாண்டு மே 5 அன்று ஒன்றிய அரசு மின்சாரச் சட்டத்தின் 11-ஆம் பிரிவைப் பயன்படுத்தி, இறக்குமதி நிலக்கரியில் இயங்கும் நிலையங்கள் அனைத்தும் முழுத் திறனில் இயங்க வேண்டும் என ஆணையிட்டது.

இரண்டாவது, மின்தொகுப்பின் வீழ்ச்சி. 2012 ஜூலை 30 அன்று வடக்கு மின்தொகுப்பும், மறுநாள் வடக்கு, கிழக்கு, வடகிழக்குத் தொகுப்புகள் மூன்றும் வீழ்ந்தன. அறுபது கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் பகுதிகள் இருண்டன. தென்னகத் தொகுப்பு அப்போது தனித்து இயங்கியதால் தப்பியது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் தடத்தின் வழியே அதுவும் நாட்டின் தொகுப்போடு இணைந்தது. அதன் பயனையும் ஆபத்தையும் இப்போது நாமும் பகிர்ந்துகொள்கிறோம்.

மூன்றாவது, பேரிடர். 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயல் நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. அண்டை மாநிலங்களிலிருந்தும் பணியாளர்கள் வந்து உழைத்தபோதும் உட்கிராமங்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. 2024 ஆகஸ்ட் தொடக்கத்தில் கொள்ளிடத்தில் வெள்ளம் பெருகியபோது, திருச்சியில் ஆற்றுக்குள் நின்ற உயர் மின்னழுத்தக் கோபுரங்கள் சாய்ந்தன. காவிரிக்கரை வட்டங்களுக்கு இது தொலைவிலுள்ள ஆபத்தன்று.

அதிகாரம் யாரிடம் இருக்கிறது?

அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மின்சாரம் பொதுப்பட்டியலின் 38-ஆவது இனம். ஆகவே ஒன்றியம், மாநிலம் இரண்டுக்கும் அதில் பங்குண்டு. பெட்ரோலியமும் அணுசக்தியும் ஒன்றியப் பட்டியலில் உள்ளன. நிலக்கரியும் நடைமுறையில் ஒன்றியத்தின் பிடியில்தான் இருக்கிறது. நெருக்கடிக்கென ஒன்றியம் விசாகப்பட்டினம், மங்களூரு, பாதூர் ஆகிய இடங்களில் மொத்தம் 53.3 லட்சம் டன் கொள்ளளவுள்ள நிலத்தடிச் சேமிப்புகளை அமைத்துள்ளது. அவை கச்சா எண்ணெய்க்கானவை. அடுப்பெரிக்கும் எரிவாயுவுக்கோ, ஒரு தெருவின் விளக்குக்கோ அப்படியொரு சேமிப்பு எந்த ஏட்டிலும் இல்லை.

மின்சாரச் சட்டம், 2003 அதிகாரங்களை இவ்வாறு பிரிக்கிறது. அசாதாரணச் சூழலில் மின்னுற்பத்தி நிறுவனங்களுக்கு ஆணையிடும் அதிகாரம் 11-ஆம் பிரிவின்படி உரிய அரசுக்கு உண்டு. மாநிலத்துக்குள் மின்தொகுப்பைச் சீராக வைத்திருக்க அனைவருக்கும் கட்டளையிடும் அதிகாரம் 33-ஆம் பிரிவின்படி மாநில மின்பளு பகிர்ந்தளிப்பு மையத்துக்கு உண்டு. 23-ஆம் பிரிவு ஒழுங்குமுறை ஆணையத்துக்கு உரியது. மின்சாரத்தின் வழங்கலையும் நுகர்வையும் ஆணை மூலம் கட்டுப்படுத்த அது இடமளிக்கிறது. அந்த அதிகாரத்தின் நோக்கங்களில் ஒன்றாக நேர்மையான பகிர்வை அப்பிரிவே குறிப்பிடுகிறது என்பதை நாம் அடிக்கோடிட வேண்டும்.

42, 43-ஆம் பிரிவுகள் மின் பகிர்மான நிறுவனத்தின் கடமைகளைச் சொல்கின்றன. 1957-இல் உருவான தமிழ்நாடு மின்சார வாரியம் 2010-இல் நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டது. 2024-இல் நடந்த மறுபிரிவினைக்குப் பின் பகிர்மானப் பொறுப்பு தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகத்திடம் உள்ளது. அது மாநில அரசுக்குச் சொந்தமான நிறுவனம் என்பதால், 'அது வாரியத்தின் பிரச்சினை' என்று மாநில அரசு ஒதுங்கிவிட முடியாது.

எல்லாவற்றினும் முதன்மையானது 6-ஆம் பிரிவு. கிராமங்கள், குக்கிராமங்கள் உள்ளிட்ட எல்லாப் பகுதிகளுக்கும் மின்சாரம் கிடைக்கச் செய்ய மாநில அரசும் ஒன்றிய அரசும் கூட்டாக முயல வேண்டும் என்கிறது அது. கூட்டுப் பொறுப்பு என்பது கேட்பதற்கு இனிது. நடைமுறையில், இருவரும் ஒருவரையொருவர் சுட்டுவதற்கும் அதுவே வழியாகிறது. மின்வெட்டின்போது மாநில அரசு நிலக்கரி ஒதுக்கீட்டைக் காரணம் காட்டும். ஒன்றிய அரசு மாநில நிறுவனத்தின் நிலுவைத் தொகையைக் காரணம் காட்டும். கீழே, உதவிப் பொறியாளர் 'மேலிருந்து வந்த உத்தரவு' என்பார். மக்களிடம் எந்தத் தாளும் இராது.

வரையறைக்குள் நுழைந்த சேரி

சேரியின் இருள் தற்செயலானதன்று என்பதற்கு அரசின் வரையறைகளே சான்று. 1997 வரை, ஒரு கிராமத்தின் வருவாய் எல்லைக்குள் எந்த நோக்கத்துக்காகவேனும் மின்சாரம் பயன்பட்டால் அது மின்மயமான கிராமம். எல்லையோரத்து வயலில் ஒரு பம்புசெட்டு ஓடினால் போதும். ஒரு வீட்டில்கூட விளக்கு எரிய வேண்டியதில்லை. 1997-இல் அது மக்கள் வாழும் பகுதியில் பயன்பட வேண்டும் என மாறியது. 'மக்கள் வாழும் பகுதி' என்பதற்கு ஊர் மட்டுமே போதுமானதாக இருந்தது.

2004-இல்தான் ஒன்றிய மின்துறை அமைச்சகத்தின் வரையறை தலித் குடியிருப்பைப் பெயர் சொல்லிக் குறித்தது. மின்மாற்றியும் மின்பாதையும் ஊரில் மட்டுமன்றித் தலித் குடியிருப்பிலும் இருக்க வேண்டும். பள்ளி, ஊராட்சி அலுவலகம் போன்ற பொது இடங்களுக்கு இணைப்பு வேண்டும். குறைந்தது 10 விழுக்காடு வீடுகளுக்கு மின்சாரம் வேண்டும் என்றது. 2006-ஆம் ஆண்டின் ஊரக மின்மயமாக்கல் கொள்கையில் இது 'குறைந்தபட்சம் ஒரு தலித் குடியிருப்பு' என்றானது. மின்மயமானது என்று சான்றளிக்கும் பொறுப்பும், ஆண்டுதோறும் மார்ச் 31 நிலவரப்படி அதை உறுதிசெய்யும் பொறுப்பும் கிராம ஊராட்சிக்குத் தரப்பட்டன.

இதிலிருந்து நாம் கொள்ள வேண்டியவை இரண்டு. சேரியை விட்டுவிட்டு ஊரை மட்டும் கணக்கில் எடுப்பது நாடெங்கும் பரவிய நடைமுறையாக இருந்ததால்தான் அரசு அப்படி எழுத வேண்டி வந்தது. அடுத்து, கம்பி வந்துவிட்டது என்பதோடு அந்த வரையறை நின்றுவிட்டது. எத்தனை மணிநேரம், எந்த அழுத்தத்தில், பழுதானால் எத்தனை நாளில் என்பவை அதற்குள் வரவில்லை. 2018 ஏப்ரலில் நாட்டின் எல்லாக் கிராமங்களும் மின்மயமாகிவிட்டன என்று ஒன்றிய அரசு அறிவித்தபோதும் அது கம்பியின் கணக்கே.

மீட்கும் வரிசை

ஒரு காட்சியை எண்ணிப் பார்ப்போம். தொட்டியம் வட்டத்தில் ஒரு கிராமம். ஊர்த்தெருவில் மின்மாற்றி. அங்கிருந்து கிளம்பும் தாழ்வழுத்தக் கம்பி வயலைக் கடந்து கடைசியாகச் சேரிக்கு வருகிறது. சித்திரைக் காற்றில் தென்னை மட்டை விழுந்து இரண்டு இடங்களில் கம்பி அறுகிறது. பணியாளர்கள் குறைவு. ஊருக்குள் அறுந்தது இரவே சரிசெய்யப்படுகிறது. வயலுக்கு அப்பால் அறுந்தது மூன்றாம் நாள் சரிசெய்யப்படுகிறது. இதில் யாரும் சாதிப்பெயர் சொல்லித் திட்டவில்லை. 'மின்மாற்றிக்கு அருகிலிருந்து தொடங்குவதுதான் முறை' என்பது தொழில்நுட்ப விடையாகவும் இருக்கும். ஆனால் மின்மாற்றி ஊரில் நிற்பதும் சேரி கம்பியின் முடிவில் இருப்பதும் தொழில்நுட்பத்தின் முடிவுகளல்ல. தீண்டாமை வகுத்த நில அமைப்பின் மீது கம்பி இழுக்கப்பட்டிருக்கிறது. 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் அறிவித்தார். அதை வரவேற்கிறோம். கம்பியின் முடிவில் இருக்கும் நிலையையும் நீக்கக் கோருகிறோம்.

மூன்று நாள் இருள் என்பது விளக்கோடு முடிவதன்று. சேரியின் மேல்நிலை நீர்த்தொட்டிக்கு நீரேற்றும் மோட்டாரும் நின்றுவிடுகிறது. ஊரின் குழாயில் குடம் வைப்பது அப்போது எத்தகைய சிக்கல் என்பதை நாம் அறிவோம். குடிநீர்த்தொட்டியும் சாதியின் களமாகும் என்பதை அண்டை மாவட்டத்தின் வேங்கைவயல் 2022-இல் நாட்டுக்கே காட்டியது. தேர்வுக்குப் படிக்கும் மாணவி, குளிர்பதனத்தில் இன்சுலின் வைத்திருக்கும் முதியவர், இரவில் வெளிச்சமின்றி வெளியே செல்ல வேண்டிய பெண்கள் என ஒவ்வொருவருக்கும் அந்த மூன்று நாளின் விலை தனித்தனி.

2008-இன் தொழிற்சாலை வெட்டோடு இதை ஒப்பிடலாம். அங்கே விழுக்காடு இருந்தது, ஆணை இருந்தது, எதிர்த்து வாதிட மன்றம் இருந்தது. சேரியின் மூன்று நாளுக்கு ஆணை இல்லை. ஆணை இல்லாததால் மேல்முறையீடும் இல்லை.

நீதிமன்றங்கள் சொன்னவை

மின்சாரம் சலுகையன்று, உரிமை என்பதற்கு வலுவான அடித்தளம் உண்டு. சமேலி சிங் எதிர் உத்தரப்பிரதேச அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம், 21-ஆம் உறுப்பின் வாழ்வுரிமைக்குள் உறைவிட உரிமை அடங்கும் என்றும், உறைவிடம் என்பதில் போதிய வெளிச்சம், தூய நீர், மின்சாரம் ஆகியவையும் அடங்கும் என்றும் கூறியது. பட்டியல் சாதியினருக்கு வீடுகட்ட நிலம் எடுத்ததை எதிர்த்து நிலவுடைமையாளர் தொடுத்த வழக்கு அது. நம் மக்களின் வீட்டுமனைக்கான போராட்டத்திலிருந்தே இந்தக் கோட்பாடு பிறந்தது என்பதைச் சட்ட மாணவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

2013-இல் சென்னை உயர் நீதிமன்றம், திருவண்ணாமலை மாவட்டத்தில் புறம்போக்கு நிலத்தில் குடியிருந்தோர் தொடுத்த டி.எம். பிரகாஷ் வழக்கில், மின்சாரம் கிடைப்பதை மனித உரிமையாகக் கண்டது. மின்சாரம் இன்மை கல்வியையும் உடல்நலத்தையும் தாக்கிச் சமத்துவமின்மையை வளர்ப்பதையும் சுட்டியது. 2022-இல் திலீப் எதிர் சதீஷ் வழக்கில், வீட்டு உரிமையாளர் தடையில்லாச் சான்று தரவில்லை என்பதற்காக வாடகைதாரருக்கு மின்சாரம் மறுக்கலாகாது என்றது உச்ச நீதிமன்றம். 43-ஆம் பிரிவே 'உரிமையாளர் அல்லது குடியிருப்பவர்' என்றுதான் தொடங்குகிறது. பட்டா இல்லை என்பது இருளுக்கான நியாயமாகாது.

பிற நாடுகளிலிருந்து இரு பாடங்கள்

வரிசையை எழுத்தில் வைப்பது இயலாத செயலன்று. 2022-இல் இலங்கை நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டில் சிக்கியது. அப்போதும் மின்சார சபை வெட்டு நேரத்துக்குப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் ஒப்புதலைப் பெற வேண்டியிருந்தது. பகுதிகள் எழுத்துகளால் குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, எந்தக் குழுவுக்கு எப்போது வெட்டு என்ற அட்டவணை வெளியிடப்பட்டது. அட்டவணை துன்பத்தைப் போக்கவில்லை. ஆயினும் யார் எதைத் தீர்மானித்தார் என்பது மக்களுக்குத் தெரிந்தது.

தென்னாப்பிரிக்காவில் மின்வெட்டு உச்சத்திலிருந்த 2023 பிப்ரவரியில் தேசியப் பேரிடர் நிலை அறிவிக்கப்பட்டு, மறு மாதம் மின்சாரத்துக்கென்றே தனி அமைச்சர் அமர்த்தப்பட்டார். அவ்வாண்டே உயர் நீதிமன்றம், அரசு மருத்துவமனைகளுக்கும் பள்ளிகளுக்கும் காவல் நிலையங்களுக்கும் மின்சாரம் தடைபடாதிருக்க வழிசெய்யும் பொறுப்பைப் பொதுத்துறை நிறுவனங்களுக்கான அமைச்சர்மீது வைத்தது. அதே நாட்டில் கறுப்பின மக்கள் நெருக்கமாக வாழும் குடியிருப்புகளில் மட்டும் 'சுமைக் குறைப்பு' என்ற பெயரில் தனி வெட்டு நடந்தது. ஒதுக்கப்பட்ட மக்களே முதலில் இருளில் தள்ளப்படுவது நம் நாட்டின் தனிக்கதையன்று.

நம் கையில் உள்ள கருவிகள்

முதலில் பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005. இயற்கையால் மட்டுமன்றி மனிதச் செயலாலும் கவனக்குறைவாலும் நேர்பவற்றையும் அதன் வரையறை பேரிடராகக் கொள்கிறது. ஒவ்வொரு மின்தடையும் பேரிடராகிவிடாது. சமூகம் தாங்கும் ஆற்றலை மீறிய பெருந்துன்பம் வேண்டும். புயலும் வெள்ளமும் ஐயமின்றி அதில் அடங்கும். மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர் மாவட்ட ஆட்சியர். 31-ஆம் பிரிவின்படி மாவட்டத் திட்டம் இருக்க வேண்டும். நிவாரணத்திலும் இழப்பீட்டிலும் சாதியின் பெயரால் பாகுபாடு கூடாது என்கிறது 61-ஆம் பிரிவு. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினம் பகுதியில் தலித் மக்கள் நிவாரணத்தில் ஒதுக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் பதிவுசெய்தன. அடுத்த ஆண்டே வந்த இச்சட்டத்தின் அந்தப் பிரிவை நாம் போதிய அளவு பயன்படுத்தவில்லை. மின்சாரத்தை மீட்பதும் நிவாரணமே என்று வாதிட நமக்கு இடமுண்டு.

இரண்டாவது, நுகர்வோர் உரிமை. மின் நுகர்வோர் உரிமை விதிகள், 2020 ஊரகப் பகுதியில் புதிய இணைப்புக்கு 30 நாள் வரம்பு வைத்தன. 2024 திருத்தம் அதை 15 நாளாகக் குறைத்தது. பழுது நீக்கும் கால அளவைத் தவறவிட்டால் இழப்பீடு பெற 57-ஆம் பிரிவு வழிசெய்கிறது. புகாரை மின்னகத்தில் பதிந்து எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். வாய்மொழிப் புகாருக்குச் சட்டத்தில் நினைவாற்றல் இல்லை. தீர்வு கிடைக்காவிடில் மின் பகிர்மான வட்ட அளவிலான நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம், அதன்பின் மின் குறைதீர்ப்பாளர் என்பது படிமுறை. கட்டணம் கட்டாதவரின் இணைப்பைத் துண்டிக்கவே 56-ஆம் பிரிவு 15 நாள் எழுத்து அறிவிப்பைக் கேட்கிறது. சிலரின் நிலுவைக்காக ஒரு தெருவையே இருட்டாக்க அப்பிரிவில் இடமில்லை.

மூன்றாவது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். இதில் நமக்குத் தெளிவு வேண்டும். தாமதம் ஒவ்வொன்றும் வன்கொடுமை வழக்காகாது. ஆனால் குடியிருப்பின் நீர், நிலம், வீடு ஆகியவற்றின் மீதான உரிமையை அனுபவிக்க விடாமல் தடுப்பது 3(1)(ஜி) பிரிவின்கீழும், நீர்நிலைகளையும் குழாய்களையும் பொது வழிகளையும் சமமாகப் பயன்படுத்தவிடாமல் தடுப்பது 3(1)(இசட்ஏ) பிரிவின்கீழும் குற்றம். நீரேற்றும் மோட்டாரின் இணைப்பை ஒருவர் வேண்டுமென்றே துண்டித்தால் இப்பிரிவுகளை ஆராய வேண்டும். தம் நிலத்தின் வழியே சேரிக்குக் கம்பி போகக்கூடாது என்று நிலவுடைமையாளர் மறுத்தால், அத்தோடு பணி நிற்க வேண்டியதில்லை. எதிர்ப்பைக் கேட்டு எழுத்தில் அனுமதி வழங்கும் அதிகாரம் 2006-ஆம் ஆண்டு விதிகளின்படி மாவட்ட நடுவருக்கு உண்டு. 'ஊரில் எதிர்ப்பு' என்ற விடையோடு கோப்பை மூட விடக்கூடாது.

நான்காவது, தகவலும் கிராம சபையும். உங்கள் குடியிருப்புக்கு வரும் ஃபீடர் எது, மின்மாற்றியின் திறன் என்ன, அதில் எத்தனை இணைப்புகள், கடந்த ஓராண்டில் எத்தனை தடைகள், ஒவ்வொன்றும் எத்தனை மணிநேரத்தில் சரியானது என்பவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். ஊர்த்தெருவின் கணக்கையும் சேர்த்துக் கேளுங்கள். இரண்டையும் அருகருகே வைத்தால் பாகுபாடு எண்களாகத் தெரியும். ஊரக மின்மயமாக்கல் அரசமைப்புச் சட்டத்தின் பதினோராவது அட்டவணையில் ஊராட்சிகளின் பொருள்களுள் ஒன்று. ஆகவே அந்தக் கணக்கைக் கிராம சபையில் வைத்துத் தீர்மானம் கோருவது நம் உரிமை.

நாம் கோருவது

மாவட்டப் பேரிடர் திட்டத்தில் மின்சார மீட்பு வரிசை தனி இயலாக எழுதப்பட வேண்டும். மருத்துவமனைக்கும் குடிநீருக்கும் அடுத்து, கம்பியின் முடிவிலுள்ள குடியிருப்புகளுக்கு முன்னுரிமை வேண்டும். ஒவ்வொரு பிரிவு அலுவலக எல்லையிலும் அந்த வரிசைக்கு எந்தப் பதவியிலுள்ளவர் பொறுப்பு என்பது குறிக்கப்பட்டு, தமிழில் வெளியிடப்பட வேண்டும். வரிசையை மாற்றினால் காரணத்தை எழுத வேண்டும். சேரிகளுக்குத் தனி மின்மாற்றி அமைக்கும் திட்டத்துக்கு ஆண்டு இலக்கு வேண்டும். பற்றாக்குறைக் காலத்தில் வீடுகளுக்கான வெட்டும், தொழிற்சாலைக்கான வெட்டைப் போலவே, ஒழுங்குமுறை ஆணையத்தின் எழுத்து ஆணைக்கு உட்பட வேண்டும். 23-ஆம் பிரிவின் நேர்மையான பகிர்வு என்ற சொல்லுக்கு அப்போதுதான் பொருள் உண்டு.

இவற்றில் எதற்கும் புதிய சட்டம் தேவையில்லை. இருக்கும் சட்டத்தின்கீழ் ஓர் ஆணையும் ஓர் அட்டவணையும் போதும். தொட்டியம் வட்டத்தின் தோழர்களும் மாணவர்களும் முதலில் செய்யத்தக்கது எளிது. அடுத்த புயலுக்கு முன்பாக, தம் குடியிருப்பின் மின்மாற்றி எங்கே நிற்கிறது, அதற்கும் கடைசி வீட்டுக்கும் இடையே எத்தனை கம்பங்கள் என்று நடந்து எண்ணி எழுதிக்கொள்ளட்டும். அந்த ஒரு தாளை இணைத்து மாவட்ட ஆட்சியருக்கு விண்ணப்பம் அளித்து, ஒப்புகைச் சீட்டைப் பெற்று வைக்கட்டும். பிறகு இருள் நீடித்தால், 'எங்களுக்குத் தெரியாது' என்று எந்த அலுவலகமும் சொல்ல இயலாது.